சிற்றப்பாவின் வலக்கை



சென்ற ஆண்டு புரட்டாசி, ஐப்பசி இதழ்களில் இப்பகுதி வெளிவராதது சிலருக்கு நினைவிருக்கலாம். "குமாஸ்தாவுக்கு உடம்புக்கு என்ன?" என்று சங்க அன்பர்கள் அன்புடன் விசாரித்தனர். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. ஊரில் என் சிற்றப்பாவுக்குப் பாரிசவாயு கண்டது. அப்போது அதை எழுத எனக்கு மனம் வரவில்லை. எட்டு மாதங்கள் கழிந்த பின், இப்போது எழுதுகிறேன். எழுதத் தயங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுவதே முறை.

எங்கள் ஊர் நாராயணவனம். திருப்பதியிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர். புத்தூர் ரயில் நிலையத்தில் இறங்கிச் சிறிது தூரம் செல்லவேண்டும். ஆகாசராஜன் மகளாகிய பத்மாவதியைச் சீனிவாசப் பெருமாள் மணம் புரிந்த தலம் என்பது ஐதீகம். கல்யாண வேங்கடேசப் பெருமாள் கோயில் கொண்டிருக்கும் ஊர். சித்தூர் ஜில்லா 1911-ல் அமைக்கப்பட்டது. 1953-ல் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. 2022 முதல் எங்கள் ஊர் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. மாவட்டங்கள் மாறினாலும் எங்கள் வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்கும் மாறவில்லை. சிற்றப்பா நெசவாளர். பிற்காலத்தில் விசைத்தறிகள் பெருகிய போதும், தம் குழித்தறியை விடாமல் வைத்திருந்தவர். வயது அறுபத்திரண்டு. இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். "தலைவலி இல்லையே, மாத்திரை எதற்கு?" என்று அவர் அதை நிறுத்திவிட்டிருந்தார்.

அன்று காலை ஆறு மணிக்குத் தறியில் அமர்ந்தவர், நாடாவைத் தள்ளக் கை எழாமல் நின்றுவிட்டார். வலக்கை மடியில் விழுந்தது. வாய் ஒரு பக்கமாகக் கோணியது. சித்தி கேட்டதற்குக் குழறலாக ஏதோ வந்ததே தவிரச் சொல் வரவில்லை. அண்டை வீட்டார் கூடினர். ஒருவர் வெயில் மயக்கம் என்றார். மற்றொருவர் எலும்பு முறிவுக்குப் பெயர்பெற்ற புத்தூர்க் கட்டுக்கு அழைத்துப் போகலாம் என்றார். அவர் மேல் தவறில்லை. கை தொங்கினால் கையில் தான் கோளாறு என்று நினைப்பது இயல்பு. சித்திக்கு ஒன்றும் தோன்றவில்லை. எனக்குத் தொலைபேசியில் அழைத்தார். குடும்பத்தில் ரயில்வே உத்தியோகத்தில் இருப்பவன் நான். நாலு ஊர் பார்த்தவன். ஆகவே எனக்கு எல்லாம் தெரியும் என்பது அவருடைய நம்பிக்கை.

மும்பையில் நான் வேலைக்குப் புறப்பட்டுக் கொண்டிருந்தேன். பத்தாம் வகுப்போடு நின்ற படிப்பு எனக்கு. ஆனாலும் "எனக்குத் தெரியாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று சொல்ல என் நாவு வரவில்லை. "கொதிப்பாகத்தான் இருக்கும், சித்தி. மோர் கொடுத்துப் படுக்க வையுங்கள். சாயங்காலம் வரையில் தெளியாவிட்டால் டாக்டரிடம் காட்டலாம்" என்று சொல்லிவிட்டு ரயில் பிடிக்க ஓடினேன். என் சொல்லை அவர்கள் அப்படியே நிறைவேற்றினார்கள். மோரைக் குடிக்கும்போது அவருக்குப் புரையேறி மூச்சுத் திணறியதாம். மாலை ஐந்து மணிக்கு மேல் தான் திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். படம் பிடித்துப் பார்த்த டாக்டர், "மூளைக்குப் போகும் குழாய் அடைத்திருக்கிறது. காலையிலேயே வந்திருக்கக் கூடாதா?" என்றார்.

அந்தக் கேள்விக்கு விடை சொல்லவேண்டியவன் நான்.

நிற்க. பாரிசவாயு, பக்கவாதம் என்று நாம் சொல்வது கை கால்களின் நோயன்று, மூளையின் நோய். உடல் எடையில் நூற்றில் இரண்டு பங்கே உள்ள மூளை, உடலுக்குக் கிடைக்கும் பிராணவாயுவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைச் செலவிடுகிறது. அதற்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாயில் கட்டி அடைத்துக்கொண்டாலும், குழாய் வெடித்துக் கசிந்தாலும், அப்பகுதி பட்டுப்போகத் தொடங்குகிறது. மூளையின் இடப்பாகம் உடலின் வலப்பாகத்தை ஆள்கிறது. பெரும்பாலோருக்குப் பேச்சும் இடப்பாகத்தில்தான் இருக்கிறது. எனவே தான் சிற்றப்பாவுக்கு வலக்கையும் பேச்சும் ஒன்றாகப் போயின.

அடைப்பினால் வந்தது என்றால், தகுந்த நோயாளிகளுக்குக் கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்து போடலாம். அது பயன்படும் என்று 1995-ல் அமெரிக்காவில் நடந்த ஆராய்ச்சி காட்டியது. அப்போது மூன்று மணி நேரம் என்றிருந்த எல்லை 2008-ல் நாலரை மணி நேரமாக விரிந்தது. பெரிய குழாயில் அடைப்பு என்றால், மெல்லிய கம்பிக் குழாயை உள்ளே செலுத்திக் கட்டியையே வெளியே இழுக்கும் சிகிச்சை 2015 முதல் உறுதிப்பட்டது. சிலருக்கு 24 மணி நேரம் வரையிலும் அது பலன் தரலாம். ஆனால் அடைப்பா, கசிவா என்று தலையைப் படம் பிடித்துப் பார்த்த பின்பே எதையும் செய்ய முடியும். கசிவுக்குக் கரைக்கும் மருந்து கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்கலாகாது என்பது இதனாலேயே. புரையேறக் கூடுமாதலால், விழுங்கும் சக்தியைச் சோதித்துப் பார்க்கும் வரையில் மோர், தண்ணீர் எதுவும் வாயில் ஊற்றலாகாது. சிற்றப்பா விஷயத்தில் ஊசிக்கு உரிய நேரம் என்னால் போயிற்று. வேறு சிகிச்சைக்கு ஏற்ற அடைப்பும் அன்று என்றார்கள்.

செய்தி கிடைத்த அன்றிரவே பாஸ் எடுத்துக்கொண்டு சென்னை மெயிலில் ஏறினேன். ரேணிகுண்டா வரும் வரையில் கண் மூடவில்லை. ஆஸ்பத்திரியில் சிற்றப்பா என்னைப் பார்த்ததும் இடக்கையை நீட்டினார். வாயில் "ஆமா, ஆமா" என்ற ஒரு சொல்லே வந்தது. வேண்டும் என்பதற்கும் ஆமா. வேண்டாம் என்பதற்கும் ஆமா. சினத்திலும் அழுகையிலும் அதே ஆமா. புத்தி தெளிவாக இருந்தது. சொல்லின் வழி மட்டும் அடைபட்டிருந்தது. இதைச் சுற்றத்தார் முதலில் உணரவில்லை. அவர் காதுபடவே, "ஐயோ, ஒன்றும் தெரியாமல் போய்விட்டதே" என்று பேசினார்கள். அவர் கண்களில் நீர் வழிந்த பிறகு தான் வாயை மூடினார்கள்.

பத்து நாள் கழித்து வீட்டுக்கு அழைத்து வந்தோம். உண்மையான வேலை அன்றைக்குத் தான் ஆரம்பமாயிற்று. உடற்பயிற்சி வைத்தியர் ஒருவர் வாரம் இரு முறை வந்து சொல்லிக் கொடுத்தார். மற்ற நாட்களில் அவரவர்க்கு ஒரு வேலை என்று பங்கு போட்டுக் கொண்டோம். இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைப்பது இரவில் என் பொறுப்பு. இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். தூக்கும்போது செயலற்ற கையைப் பிடித்து இழுக்கலாகாது. தோள் மூட்டு நழுவிவிடும் என்று வைத்தியர் எச்சரித்தார். காலையில் காலுக்குப் பயிற்சி கொடுப்பது தம்பியின் வேலை. சிற்றப்பாவை நிமிர்ந்து உட்கார வைத்துக் குழைந்த சோற்றைச் சிறு கவளங்களாக ஊட்டுவது சித்தியின் வேலை. மாலையில் அவரோடு பேசுவது ஏழு வயதுப் பேத்தியின் வேலை.

அந்தக் குழந்தையிடமிருந்தே நாங்கள் பாடம் கற்றோம். பள்ளிக்கூடத்துக் கணக்கைப் போட்டுக்கொண்டு அவள் "ஒகட்டி, ரெண்டு, மூடு" என்று தெலுங்கில் எண்ணினாள். சிற்றப்பா "நாலுகு, அயிது" என்று தொடர்ந்தார்! பத்து வரையில் தடையின்றி வந்தது. வீடே ஓடிவந்தது. நாற்பது ஆண்டுகளாக நூற்கடையில் அவர் எண்ணியது தெலுங்கில் தான். எண்ணிக்கை, கடவுள் நாமம், கிழமைகளின் பெயர் போன்ற, நாவில் ஊறிப்போன வரிசைகள், பேச்சு போன பின்பும் சிலருக்கு மிஞ்சியிருக்கும் என்று பின்னர் பேச்சுப் பயிற்சியாளர் விளக்கினார். சித்திக்கு மட்டும் சற்று வருத்தம்: "என்னிடம் பேசின தமிழ் எங்கே போயிற்று?" என்றார். "எந்தக் கதவு திறந்திருக்கிறதோ, அதன் வழியாக உள்ளே போங்கள், அம்மா" என்றார் பயிற்சியாளர். தமிழ்ச் சங்கத்து இதழில் இதை எழுதலாமா என்று நான் யோசித்தது உண்டு. எழுதினால் குற்றமில்லை, அடுத்த மாதமே தமிழும் வந்துவிட்டது. முதலில் வந்த தமிழ்ச் சொல் சித்தியின் பெயர்.

பக்கவாதம் வந்தால் வாழ்வு முடிந்தது என்று நம்மவர் எண்ணுவது வழக்கம். அது பிழை என்பதற்கு நாமெல்லோரும் அறிந்த ஒருவரே சான்று. 1984 அக்டோபர் 5-ந் தேதி தமிழக முதலமைச்சர் எம். ஜி. ஆர். சென்னை அப்பல்லோ ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். சிறுநீரகம் பழுதுபட்டது, அதோடு பக்கவாதமும் தாக்கியது. நவம்பரில் அவரை நியூயார்க் நகரத்துப் புரூக்ளினுக்குக் கொண்டு சென்றார்கள். அவருடைய தமையனார் சக்கரபாணியின் புதல்வி லீலாவதி தம் சிறுநீரகத்தையே கொடுத்தார். படுக்கையில் இருந்தபடியே ஆண்டிபட்டித் தொகுதியில் வெற்றி பெற்று, 1985 பிப்ரவரி 4-ல் தாயகம் திரும்பி, அதே மாதம் 10-ல் மீண்டும் முதலமைச்சராகப் பதவி ஏற்றார். மேடைகளில் மக்களைக் கட்டிப்போட்ட அந்தப் பேச்சு, பழையபடி முழுவதும் திரும்பவில்லை. எனினும் 1987 டிசம்பரில் மறையும் வரையில் பதவியில் இருந்தார். முற்றும் குணமாவது ஒன்று. குறையோடு மீண்டு வாழ்வது மற்றொன்று. இரண்டாவதும் மீட்சியே என்பதை அவர் வாழ்வு காட்டுகிறது. அவருக்கு உலகத்து வைத்தியர்கள் கிடைத்தார்கள், நமக்குக் கிடைப்பார்களா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆயினும் லீலாவதி கொடுத்ததைப் பணத்தால் வாங்கியிருக்க முடியாது.

அண்டை அயலார் செய்யக்கூடிய உதவிக்கு வேறொரு சான்று உண்டு. பட்ரீசியா நீல் என்ற அமெரிக்க நடிகைக்கு 1965 பிப்ரவரியில், முப்பத்தொன்பதாம் வயதில், மூளையில் இரத்தக் குழாய் வெடித்தது. அப்போது அவர் கருவுற்றிருந்தார். பல நாள் நினைவிழந்து கிடந்து எழுந்தபோது, வலப்பக்கம் செயலற்றிருந்தது, பேச்சும் போயிருந்தது. அவருடைய கணவர், குழந்தைகளுக்குக் கதை எழுதிப் புகழ்பெற்ற ரோல்ட் டால், இங்கிலாந்தில் தாங்கள் வாழ்ந்த கிராமத்து மக்களை உதவிக்கு அழைத்தார். அவர்கள் வைத்தியர்கள் அல்லர். முறை வைத்துக்கொண்டு வந்து, எழுத்தும் சொல்லும் கணக்கும் பழக்கினர். அந்த ஆகஸ்டில் அவருக்கு நலமாகப் பெண் குழந்தை பிறந்தது. 1968-ல் வெளிவந்த படத்தில் மறுபடியும் நடித்து, ஆஸ்கார் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். அவருக்குப் பாடம் சொன்ன அயல்வீட்டு மாது வேலரி ஈட்டன் கிரிஃபித், அந்த அனுபவத்தைக் கொண்டே, பேச்சிழந்தோருக்குத் தொண்டர்கள் உதவும் ஏற்பாட்டைப் பிரிட்டனில் தொடங்கி வைத்தார்.

ஆனால் அன்பு இருந்தால் போதும், வைத்தியர் வேண்டாம் என்று யாரும் கொள்ளலாகாது. நம் நாட்டிலேயே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 14 ஆஸ்பத்திரிகளில் 1,250 நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2017-ல் லான்செட் பத்திரிகையில் வந்தது. ஒரு பிரிவில் வீட்டார் ஒருவருக்குப் பயிற்சி முறைகளைக் கற்பித்து, வீட்டில் தொடரச் செய்தார்கள். மறு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். ஆறு மாதம் கழித்துப் பார்த்ததில், பிறர் கையை எதிர்பார்த்து வாழ்பவர் தொகையிலோ இறந்தவர் தொகையிலோ இரு பிரிவுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. இதைப் படித்தபோது எனக்கு மனம் சோர்ந்தது. பின்னர் யோசித்தேன். சில நாள் கற்றுக்கொண்ட வீட்டாரால், ஆண்டுக்கணக்கில் பயின்ற நிபுணருடைய இடத்தை நிரப்ப முடியாது என்பதே இதன் பொருள். வீட்டாரே வேண்டாம் என்பது பொருளன்று. நோயாளியைப் புரட்டுவது யார்? ஊட்டுவது யார்? மாத்திரையை நினைவூட்டுவது யார்? வைத்தியர் வாரத்தில் இரண்டு மணி நேரம் இருக்கிறார். எஞ்சிய நேரம் முழுவதும் வீட்டாருடையது.

அவசரமும் ஆகாது. முதல் 24 மணி நேரத்துக்குள் நோயாளியை எழுப்பி அதிகமாக நடமாட வைப்பது நன்மையைவிடத் தீமையே செய்யலாம் என்று, ஐந்து நாடுகளில் நடந்து 2015-ல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டியது. எங்கள் உறவினர் ஒருவர், "எழுந்து நில்லுங்கள், மனத்தில் உறுதி வேண்டும்" என்று சிற்றப்பாவை அதட்டினார். மன உறுதி மட்டும் மூளைக்கு வழி போட்டுவிடாது. ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்து பழகும்போது, பிழைத்திருக்கும் மூளைப்பகுதி புது வழி அமைத்துக் கொள்கிறது. முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் விரைவாக இருக்கும். அதன் பின் மெதுவாக, ஆனால் நின்றுவிடாமல், தொடரக்கூடும்.

நான்காம் மாதத்தில் சிற்றப்பா பயிற்சி செய்ய மறுத்தார். சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். பிடிவாதம் என்று எண்ணினோம். வைத்தியர் அதை மனச்சோர்வு என்னும் நோய் என்றார். பக்கவாதம் கண்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது வருகிறது. அதற்கும் மருந்து உண்டு. மருந்தோடு சித்தியும் ஒரு யுக்தி செய்தார். ஒரு நாள் ராட்டையைக் கட்டிலருகே நகர்த்தி வைத்து, "தார் சுற்ற ஆளில்லை" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டார். அரை மணி கழித்துப் பார்த்தால், இடக்கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு, வலக்கையின் இரு விரல்களுக்கிடையில் நூலைப் பிடிக்க முயன்று கொண்டிருந்தார். நூல் பத்து முறை அறுந்தது. பத்து முறையும் முடி போட்டார். பயிற்சி வைத்தியர் கொடுத்த ரப்பர்ப் பந்தை அவர் மதித்ததில்லை. நூலை மதித்தார்.

சித்தியைப் பற்றியும் ஒரு சொல். அந்த எட்டு மாதத்தில் அவர் ஒன்பது கிலோ இளைத்தார். எல்லோரும் "அவருக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்டார்களே தவிர, "உனக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்டவர் இல்லை. இங்கே தான் வெளியூரில் வாழும் நமக்கு வேலை இருக்கிறது. பணம் அனுப்புவதோடு கடமை தீராது. ஆண்டு விடுப்பில் கல்யாணத்துக்குப் போவது போல, ஒரு வாரம் போய் நோயாளியைக் கவனித்துக்கொண்டு, கவனிப்பவரை உறங்க வையுங்கள். போக முடியாத மாதங்களில், நாள்தோறும் ஒரே வேளையில் தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசுங்கள். நான் இரவு எட்டு மணிக்கு அழைத்து, அன்றைய ரயில்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்வேன். சிற்றப்பா திருப்பிச் சொல்வார். "ரேணிகுண்டா" என்பது சரியாக வர ஆறு வாரம் பிடித்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. ஊரிலிருந்து, "முகம் கோணுகிறது, கை தூக்க முடியவில்லை, பேச்சுக் குழறுகிறது" என்று யாரேனும் அழைத்தால், உங்களுக்குத் தெரிந்த வைத்தியம் எதையும் சொல்லாதீர்கள். மூன்றில் ஒன்று இருந்தாலும் போதும். சிறிது நேரத்தில் தானே தெளிந்தாலும் அசட்டை கூடாது. "108-க்கு அழையுங்கள், தலையைப் படம் பிடிக்கும் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள், எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று டாக்டரிடம் சொல்லுங்கள்" என்பன மட்டுமே நாம் சொல்லத்தக்கவை. அருகில் அத்தகைய ஆஸ்பத்திரி எது என்று இன்றைக்கே விசாரித்து, ஊர் வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். கொதிப்பு மாத்திரையை நிறுத்தியவர் வீட்டில் உண்டா என்றும் கேளுங்கள். நான் இதில் எதையும் செய்யாதவன். அதனாலேயே சொல்லும் உரிமையைப் பெற்றேன்.

சென்ற மாதம் ஊருக்குப் போயிருந்தேன். சிற்றப்பா கோலூன்றிக் கோயில் வாயில் வரையில் நடந்தார். வலக்கை தறிக்கு இனி உதவாது, தார் சுற்றுகிறார். திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்த போது, எட்டு மாதமாக நெஞ்சில் கிடந்ததைச் சொன்னேன். "அன்று காலையில் நான் தான் தடுத்தேன், சித்தப்பா. என் பேச்சைக் கேட்டதால் தான் உங்கள் கை போயிற்று."

சித்தி குறுக்கிட்டு, "உன்னைக் கேட்டது நான் தானே, நைனா? உனக்கு மட்டும் தெரிந்தா சொன்னாய்?" என்றார். சிற்றப்பா ஒன்றும் சொல்லாமல் நெடுநேரம் என்னைப் பார்த்தார். சொல்லைத் தேடுகிறார் என்பது தெரிந்தது. நாங்கள் எடுத்துக் கொடுக்காமல் காத்திருந்தோம். அதுவும் பயிற்சியாளர் கற்பித்ததே.

"மோர்," என்றார் கடைசியில். பிறகு வலக்கையை மெல்ல உயர்த்தி, இரு விரல்களை ஆட்டி, "இனி… வேண்டாம்" என்று சொல்லி, வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தார்.

அந்தக் கை ஒரு சாண் உயரம் எழுந்திருந்தது. புரட்டாசியில் அது மடியில் கிடந்த கை.